டிசிபி சாக்கெட்டில் பாதி வருவதும் பாதி போவதும்: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது

இரண்டு நிரல்கள் நெட்வொர்க் வழியாகப் பேசிக்கொள்ளும் முனைதான் சாக்கெட். அதில் டிசிபி என்ற நெறிமுறைப்படி நீங்கள் 8000 பைட் அனுப்பினீர்கள். மறுமுனையில் படிக்கும் அழைப்பான ரிசீவ் 1448 என்று திருப்பித் தந்தது. மீதி 6552 பைட் தொலைந்துவிடவில்லை. வழியில் வந்துகொண்டிருக்கிறது, இல்லையென்றால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வைத்திருக்கும் பஃபரில், அதாவது தற்காலிகச் சேமிப்பிடத்தில், நீங்கள் எடுப்பதற்காகக் காத்திருக்கிறது. மறுபடி கேட்டால் கிடைக்கும்.

டிசிபிக்கு "செய்தி" என்ற ஒன்றே தெரியாது. 1981-இல் வந்த ஆர்எஃப்சி 793 என்ற நெறிமுறை ஆவணத்திலும் சரி, 2022-இல் அதன் இடத்தைப் பிடித்த ஆர்எஃப்சி 9293-இலும் சரி, அது தரும் உறுதி பைட்டுகளைப் பற்றியது மட்டும்தான்: அனுப்பிய வரிசையில், நடுவில் எதுவும் விடுபடாமல் போய்ச் சேரும். எத்தனை சென்ட் அழைப்பில் அனுப்பினீர்கள் என்ற கணக்கு மறுமுனைக்குப் போவதே இல்லை. மூன்று சென்ட் ஒரே ரிசீவில் வரலாம், ஒரு சென்ட் பத்து ரிசீவாகவும் வரலாம். இந்த வகைப் பிழைகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இதை மறந்ததால் வந்தவை. வெளியே தெரியும் முகம்தான் வேறு வேறு.

எதையும் திருத்தும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு சென்ட், ரிசீவ் அழைப்புக்கும் கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் பதிவு செய்யுங்கள். லினக்ஸ் என்றால் நிரலைத் தொடாமலேயே, அது கெர்னலுக்கு விடும் அழைப்புகளைப் பதியும் எஸ்ட்ரேஸ் கருவி இதைக் காட்டும். இரண்டு எண்களும் வேறாக இருந்தும் உங்கள் நிரல் அதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போகும் இடத்தில் தேடலைத் தொடங்குங்கள்.

அறிகுறி: என் கணினியில் ஓடுகிறது, நெட்வொர்க் வழியாகப் போனால் உடைகிறது

சர்வரும் கிளையன்ட்டும் ஒரே கணினியில் இருந்தால் தரவு வெளியே போகாமல் லூப்பேக் என்ற உள்வழியாகப் போகிறது. லினக்ஸில் லூப்பேக்கின் எம்டியு (ஒரு பாக்கெட்டில் அடங்கும் அதிகபட்ச அளவு) 65536. உங்கள் 8000 பைட் ஒரே துண்டாகப் போய்விடும், ரிசீவும் பெரும்பாலும் 8000 என்றே தரும். ஈதர்நெட்டில் எம்டியு 1500. அதில் ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 போனால் 1460. டைம்ஸ்டாம்ப் விருப்பம் இன்னொரு 12 எடுத்துக்கொண்டால் 1448. பதிவில் 1460, 1448 அல்லது அவற்றின் மடங்குகள் தென்பட்டால், நீங்கள் துண்டு துண்டாக வருவதைத்தான் பார்க்கிறீர்கள்.

நான் எழுதிய ஒரு சர்வர் ஒரே கணினியில் வாரக்கணக்கில் பிசகாமல் ஓடியது. வெளியிலிருந்து முதல் கிளையன்ட் இணைந்த அன்றே செய்திகள் கெட்டன. ஒரு செய்தியைப் பைட் பைட்டாகப் பார்த்தேன். முதல் 1448 பைட் சரியாக இருந்தது. அதற்கப்புறம் இருந்தது குப்பை அல்ல, அதற்கு முந்தைய செய்தியின் வால். பஃபர் முழுக்க நிரம்பிவிட்டது என்று நிரல் நம்பியதால், பழைய உள்ளடக்கத்தைப் புதியது என்று எடுத்துக்கொண்டது. குப்பையாக இருந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். பார்ப்பதற்கு நியாயமான தரவாக இருந்ததால் பிடிக்க நாளாயிற்று.

தீர்வு, வேண்டிய அளவு சேரும்வரை சுற்றிச் சுற்றிக் கேட்பது:

செயல் முழுதும்_படி(சாக்கெட், பஃபர், வேண்டியது):
    வந்தது = 0
    வந்தது < வேண்டியது என இருக்கும்வரை:
        எண் = ரிசீவ்(சாக்கெட், பஃபர் + வந்தது, வேண்டியது − வந்தது)
        எண் > 0 எனில்: வந்தது = வந்தது + எண்
        எண் = 0 எனில்: வந்தது என்பதைத் திருப்பித் தா
        எண் < 0, காரணம் ஈ-இன்டர் (இயங்குதளத்தின் சிக்னல் குறுக்கிட்டது) எனில்: மறுபடி சுற்று
        எண் < 0, வேறு காரணம் எனில்: பிழை என்று திருப்பித் தா
    வந்தது என்பதைத் திருப்பித் தா

இதில் மூன்று இடங்களில் சறுக்குவார்கள். முதலாவது, அடுத்த சுற்றில் பஃபரின் தொடக்கத்திலேயே எழுதுவது. "பஃபர் + வந்தது" என்பதை விட்டால் முதல் துண்டின் மேல் இரண்டாம் துண்டு விழும். இரண்டாவது, சுற்றுக்குச் சுற்று முழு அளவையே கேட்பது. அப்போது அடுத்த செய்தியின் தலையையும் சேர்த்து விழுங்கிவிடுவீர்கள், பஃபருக்கு வெளியேயும் எழுதிவிடலாம். மூன்றாவது சி மொழிக்கே உரியது: திரும்பும் எண்ணைக் குறியற்ற மாறியில் வைப்பது. பிழை வந்தால் கிடைக்கும் −1 அங்கே மிகப் பெரிய நேர் எண்ணாக மாறி, "எண் < 0" என்ற சோதனை ஒருபோதும் உண்மையாகாது.

சுழியம் திரும்புவது பிழை அல்ல. எதிர்முனை அனுப்பி முடித்து மூடிவிட்டது என்று பொருள். ஆனால் எந்த இடத்தில் அது வந்தது என்பது முக்கியம். புதுச் செய்தியின் தலைப்பை (அதன் நீளத்தைச் சொல்லும் முன்பகுதியை) படிக்கத் தொடங்கும்போது ஒரு பைட் கூட வராமல் சுழியம் வந்தால் அது முறையான முடிவு. தலைப்பின் நடுவிலோ உடலைப் படிக்கும்போதோ வந்தால், உடலில் ஒரு பைட் கூட வரவில்லை என்றாலும், அது அறுபட்ட செய்தி. அதனால்தான் மேலே உள்ள செயல் எண்ணிக்கையை மட்டும் தருகிறது. தீர்ப்பை அழைப்பவர் சொல்லட்டும். அறுபட்ட செய்தியைத் தயவுசெய்து முழுச் செய்தியாகச் செயலாக்காதீர்கள்.

கோ மொழியின் ரீட்ஃபுல், ஜாவாவின் ரீட்ஃபுல்லி, ரஸ்ட்டின் ரீட்-எக்ஸாக்ட் இந்தச் சுற்றைத் தாங்களே செய்கின்றன. இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். சியில் ரிசீவுக்கு, முழு அளவும் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் வெயிட்-ஆல் கொடியைக் கொடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். சிக்னல் குறுக்கிட்டாலோ இணைப்பு அறுந்தாலோ அதுவும் குறைவாகத்தான் தரும். எனவே அந்தக் கொடி இருந்தாலும் லூப் வேண்டும்.

அறிகுறி: இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன

ஜேசன் வடிவ உரையைப் பிரித்துப் படிக்கும் பாகுபடுத்தி "முடிவுக்கு அப்புறமும் ஏதோ இருக்கிறது" என்று கத்தும். பலர் செய்யும் முதல் காரியம், இரண்டு சென்ட்களுக்கு நடுவே ஒரு ஸ்லீப் போடுவது. வேண்டாம். இன்று ஒதுங்கியதுபோல் தோன்றும். நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் தொலைந்து மறுபடி அனுப்பப்படும் நாளில், அதற்குப் பின் வந்தவை எல்லாம் சேர்ந்து ஒரே ரிசீவில் வந்து விழும்.

எல்லையை நீங்கள்தான் போட வேண்டும். ஒன்று, ஒவ்வொரு செய்திக்கும் முன் அதன் நீளத்தை நிலையான 4 பைட்டில் அனுப்புங்கள் (இதுதான் தலைப்பு, அதற்குப் பின் வருவது உடல்). அல்லது செய்திக்குள் ஒருபோதும் வராத ஒரு முடிவுக்குறியை வையுங்கள். புதிதாக நெறிமுறை வடிவமைப்பவருக்கு நான் நீளத்தையே சொல்வேன். உள்ளடக்கத்தில் எது வந்தாலும் அதற்குக் கவலையில்லை.

முடிவுக்குறிதான் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தால் இரண்டு விஷயம். குறிக்கு அப்புறம் மிஞ்சிய பைட்டுகளை எறியக்கூடாது. அவை அடுத்த செய்தியின் தொடக்கம், இணைப்புக்கென்று வைத்த பஃபரில் அவை இருக்க வேண்டும். அடுத்தது, குறியே இரண்டாகப் பிளந்து வரலாம். 13, 10 என்ற வரிமுடிவுச் சோடியில் 13 ஒரு ரிசீவின் கடைசியிலும் 10 அடுத்ததன் முதலிலும் வரும் நாள் வந்தே தீரும். புதிதாக வந்த துண்டுக்குள் மட்டும் தேடினால் அந்தச் சோடி கண்ணில் படாது. சேர்ந்திருக்கும் பஃபரில், பழைய முடிவுக்கு ஒரு பைட் முன்னாலிருந்து தேடுங்கள்.

அறிகுறி: நீளம் என்று அபத்தமான எண் வருகிறது

இந்த எண்ணே பல நேரம் காரணத்தைச் சொல்லிவிடும். 12 வர வேண்டிய இடத்தில் 201326592 வந்தால் பைட் வரிசை தலைகீழ். ஒரு பக்கம் நெட்வொர்க் வரிசைக்கு (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) மாற்ற மறந்திருக்கிறது. 1195725856 வந்தால், யாரோ உங்கள் போர்ட்டுக்கு எச்டிடிபி கோரிக்கை அனுப்பியிருக்கிறார்கள்: "கெட்" என்ற ஆங்கிலச் சொல்லின் மூன்று எழுத்தும் ஓர் இடைவெளியும் எண்ணாகப் படிக்கப்பட்டால் அதுதான் வரும். 1213486160 என்றால் "எச்டிடிபி" என்ற நான்கு எழுத்து, அதாவது நீங்கள் ஓர் எச்டிடிபி சர்வரின் பதிலைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். 376 கோடியே 95 லட்சத்தை ஒட்டிய எண் வந்தால், செய்தியின் உடலில் இருக்கும் தமிழ் எழுத்தை நீளமாகப் படிக்கிறீர்கள். தமிழ் எழுத்துகள், எழுத்தைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் 224, 174 அல்லது 224, 175 என்றுதான் தொடங்கும்.

கடைசி வகைதான் நம் விஷயம். படிப்பவர் தடம் புரண்டுவிட்டார், தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் உடல் இருக்கிறது. எங்கே புரண்டது என்று தேடுங்கள். உடலைப் படிக்கும்போது லூப் போட்டவர்கள்கூட 4 பைட் தலைப்புக்கு லூப் போடுவதில்லை, "நாலே பைட்தானே" என்று. நான்கும் 1 + 3 ஆக வரலாம். இன்னொரு இடம் டைம்அவுட். பாதிச் செய்தி படித்த நிலையில் நேரம் முடிந்து, அதுவரை படித்ததை விட்டுவிட்டு மறுபடி தலைப்பிலிருந்து தொடங்கினால், மீதி உடல் தலைப்பாகிவிடும். ஒன்று, படித்ததை வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அல்லது இணைப்பை மூடுங்கள். நடுவழி எதுவும் இல்லை.

அப்புறம், வந்த நீளத்துக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். வந்த எண்ணை நம்பி நினைவகம் ஒதுக்கினால், மேலே சொன்ன எண்களில் எது வந்தாலும் 1 ஜிபி-க்கும் மேல் ஒதுக்க முயல்வீர்கள், அந்த முதல் எண் ஒன்றைத் தவிர. அதுவே 192 எம்பி.

அறிகுறி: தமிழ் உரையில் ஆங்காங்கே உடைந்த எழுத்து

ஆங்கிலத்தில் சோதித்தவரை எல்லாம் சரி, தமிழ் அனுப்பினால் நடுநடுவே கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம். "தமிழ்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீட்டுப் புள்ளிகள் (யூனிகோடில் தனி எண் பெற்றவை), ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. 1024 பைட் பஃபரில் படித்தால் 341 முழுக் குறியீட்டுப் புள்ளிகள் போக ஒரு பைட் மிஞ்சும். அந்த ஒன்று அடுத்த எழுத்தின் மூன்றில் முதல் பைட். 4096 என்றாலும் 1365 போக ஒன்று மிஞ்சும். இரண்டின் அடுக்கு எதுவும் மூன்றால் வகுபடாது, ஆகவே பஃபரைப் பெரிதாக்கினால் உடைவது அரிதாகுமே தவிர நிற்காது.

ஒவ்வொரு ரிசீவ் துண்டையும் அப்போதைக்கப்போதே உரையாக மாற்றுவதுதான் குற்றம். முழுச் செய்தியும் பைட்டுகளாகச் சேர்ந்தபின் ஒரே தடவை மாற்றுங்கள். வந்துகொண்டே இருக்கும் ஓடை என்றால், பாதி எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் படிப்படி டிகோடர் பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இருக்கிறது. பிழையைக் காட்டாமல் புறக்கணிக்கும் விருப்பத்தைப் போட்டு வாயை மூடாதீர்கள். எழுத்து காணாமல் போவது அப்படியே இருக்கும், தெரிவது மட்டும் நிற்கும்.

அறிகுறி: பெரிய தரவு அனுப்பினால் கடைசிப் பகுதி போய்ச் சேரவில்லை

இப்போது அனுப்பும் பக்கம். சென்ட் வெற்றி என்றால் பைட்டுகள் உங்கள் கெர்னலின் அனுப்பு பஃபருக்குள் போயின என்று மட்டும் பொருள். மறுமுனைக்குச் சேர்ந்தன என்றல்ல, கம்பியில் ஏறின என்றுகூட அல்ல. லினக்ஸில் அந்த பஃபர் இயல்பாக 16384 பைட்டில் தொடங்கித் தேவைக்கேற்ப வளரும்.

பிளாக்கிங் சாக்கெட்டில் (வேலை முடியும்வரை அழைப்பு காத்திருக்கும் வகை) சென்ட் பெரும்பாலும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட பிறகே திரும்பும். இந்த "பெரும்பாலும்" என்பதில்தான் மாட்டிக்கொள்கிறோம். பாதி போன நிலையில் சிக்னல் வந்தாலோ, அனுப்பும் டைம்அவுட் முடிந்தாலோ, போன அளவு மட்டும் திரும்பும். நான்-பிளாக்கிங் சாக்கெட்டில் (காத்திருக்காமல் உடனே திரும்பும் வகை) பாதி போவது அன்றாட நிகழ்வு. இடம் இருந்த அளவுக்குப் போகும், இடமே இல்லையென்றால் "பிறகு முயல்க" என்று பொருள்படும் ஈ-அகெய்ன் பிழை வரும்.

பைத்தானில் சென்ட் வேறு, சென்ட்-ஆல் வேறு. முதலாவது போன எண்ணிக்கையைத் தரும், அதைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. சென்ட்-ஆல் முழுதும் அனுப்பும். ஆனால் நடுவில் பிழையோ டைம்அவுட்டோ வந்தால் எவ்வளவு போனது என்று அறிய வழியில்லை, அந்த இணைப்பை மூடத்தான் வேண்டும். அதே செய்தியை அதே இணைப்பில் முதலிலிருந்து அனுப்பினால் மறுபக்கம் தடம் புரளும். கோ மொழியின் ரைட் முழுதும் எழுதும், இல்லையென்றால் பிழை தரும். ஜாவாவில் சாக்கெட்-சேனலின் ரைட் நான்-பிளாக்கிங் முறையில் பாதியில் திரும்பும். சியில், பல துண்டுகளை ஒரே அழைப்பில் அனுப்பும் ரைட்-வி பயன்படுத்துபவர்கள் கவனிக்க: போன அளவு இரண்டாம் துண்டின் நடுவில் நிற்கலாம், முடிந்த துண்டுகளைத் தாண்டி, நின்ற துண்டின் சுட்டியையும் நீளத்தையும் இரண்டையும் திருத்திவிட்டுத்தான் மறுபடி அழைக்க வேண்டும்.

சென்ட் எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தும் வால் காணோம் என்றால், மூடும் விதத்தைப் பாருங்கள். எதிர்முனை அனுப்பிய ஏதாவது உங்கள் பெறும் பஃபரில் படிக்கப்படாமல் கிடக்கும்போது நீங்கள் குளோஸ் செய்தால், கெர்னல் முறையாக விடைபெறாமல், இணைப்பைச் சட்டென்று முறிக்கும் ரீசெட் அனுப்பும். ரீசெட் போய்ச் சேர்ந்ததும் மறுபக்கம் இன்னும் படிக்காத உங்கள் கடைசி பைட்டுகள் போய்விடலாம். அனுப்பி முடித்ததும் எழுதும் பக்கத்தை மட்டும் ஷட்டவுன் செய்யுங்கள், எதிர்முனையிலிருந்து சுழியம் வரும்வரை படித்துக் கொட்டுங்கள், அப்புறம் குளோஸ்.

அறிகுறி: இரண்டு பக்கமும் அப்படியே உறைந்து நிற்கின்றன

இரு முனைகளிலும், சாக்கெட்டுகளின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் ரிசீவ்-கியூ, சென்ட்-கியூ எண்களைப் பாருங்கள். இணைந்த சாக்கெட்டில் முதலாவது உங்கள் நிரல் இன்னும் எடுக்காத பைட்டுகள். இரண்டாவது மறுமுனை பெற்றதாக இன்னும் ஒப்பாத பைட்டுகள்.

இரு பக்கமும் இரண்டு எண்களும் பெரிதாக இருந்தால், இருவரும் சென்ட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், படிக்க ஆளில்லை. கிளையன்ட் ஆயிரம் கோரிக்கைகளையும் அனுப்பி முடித்துவிட்டுத்தான் பதில்களைப் படிப்பேன் என்கிறது. சர்வரோ பதிலை எழுதினால்தான் அடுத்த கோரிக்கையைப் படிக்கும். சிறிய சோதனையில் எல்லாம் பஃபருக்குள் அடங்கிவிடுவதால் இது தெரியாது. படிப்பதையும் எழுதுவதையும் தனித்தனி இழைகளில் (திரெட்) வையுங்கள், அல்லது நான்-பிளாக்கிங்குக்கு மாறுங்கள்.

எல்லா எண்களும் சுழியம் என்றால் இருவருமே ரிசீவில் காத்திருக்கிறார்கள். நீளத்தில் தலைப்பின் 4 பைட்டையும் சேர்ப்பதா இல்லையா என்பதில் இரு பக்கமும் வேறு வேறு நினைப்பில் இருப்பது முதல் சந்தேகம். பஃபரில் சேர்த்து வைத்து எழுதும் நூலகத்தை ஃபிளஷ் செய்ய, அதாவது தேங்கியதை உடனே அனுப்பச் சொல்ல, மறந்தது இரண்டாவது.

அறிகுறி: சிபியு 100 சதவீதம், ஆனால் வேலை நகரவில்லை

சுழியம் திரும்பியதைக் கவனிக்காமல் மறுபடி மறுபடி ரிசீவ் அழைப்பதா என்று முதலில் பாருங்கள். மூடிய சாக்கெட் "படிக்கத் தயார்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்து, பல சாக்கெட்டுகளைக் கண்காணித்து எழுப்பும் லினக்ஸ் வசதியான ஈபோலில் எழுதும் ஆர்வத்தை எப்போதும் பதிவு செய்து வைத்திருக்கிறீர்களா? அனுப்பு பஃபரில் பெரும்பாலும் இடம் இருக்கும், எனவே எழுப்பிக்கொண்டே இருக்கும். அனுப்ப மிச்சம் இருக்கும்போது மட்டும் பதிவு செய்யுங்கள், தீர்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

இதற்கு நேரெதிர், சிபியு சும்மா இருக்கிறது, தரவும் நகரவில்லை. நிலை மாறும்போது மட்டும் எழுப்பும் எட்ஜ்-டிரிகர் முறையில் ஈ-அகெய்ன் வரும்வரை படிக்காமல் பாதியில் விட்டால், புதிய தரவு வரும்வரை ஈபோல் உங்களை எழுப்பாது. தரவை மறையாக்கி அனுப்பும் டிஎல்எஸ் இருந்தால் இன்னொரு வலை: ஒரு ரெக்கார்டு 16384 பைட் வரை இருக்கும், நூலகம் அதை முழுதாக வாங்கிப் பிரித்து வைத்திருக்க, நீங்கள் கொஞ்சம் மட்டும் எடுத்தால் மீதி நூலகத்துக்குள்ளேயே இருக்கும். சாக்கெட்டில் ஒன்றும் இல்லாததால் ஈபோலுக்குத் தெரியாது. நூலகத்திடம் மிச்சம் உண்டா என்று கேட்ட பிறகே காத்திருக்கப் போங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 40 மில்லிநொடி தாமதம்

தலைப்பை ஒரு சென்ட்டிலும் உடலை இன்னொரு சென்ட்டிலும் அனுப்புகிறீர்கள். ஜான் நேகிள் 1984-இல் ஆர்எஃப்சி 896-இல் சொன்ன முறைப்படி, முதல் துண்டுக்கு ஒப்புகை வரும்வரை சிறிய இரண்டாம் துண்டு காத்திருக்கிறது. மறுபக்கம் ஒப்புகையைத் தாமதப்படுத்துகிறது. இரண்டையும் ஒரே பஃபரில் சேர்த்தோ ரைட்-வி மூலமோ அனுப்பினால் போதும். இந்தக் காத்திருப்பை நிறுத்தும் நோ-டிலே விருப்பமும் தீர்க்கும், ஆனால் நான் முதலில் சேர்த்து அனுப்புவதையே செய்வேன்.

அறிகுறி: நிரல் ஒரு பிழைச்செய்தியும் இல்லாமல் நின்றுவிடுகிறது

எதிர்முனை மூடிய சாக்கெட்டில் எழுதியதால் வந்த சிக்பைப் சிக்னல். அதைப் புறக்கணிக்கச் சொல்லுங்கள் அல்லது லினக்ஸில் சென்ட்டுக்கு நோ-சிக்னல் கொடியைக் கொடுங்கள். அப்போது ஈ-பைப் என்று சாதாரணப் பிழையாகக் கையில் கிடைக்கும்.

பிழையை வேண்டுமென்றே வரவழைப்பது

திருத்தியது சரியா என்று பார்க்க நெட்வொர்க் மோசமாகும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். ரிசீவைச் சுற்றி ஒரு மெல்லிய உறை எழுதி, எவ்வளவு கேட்டாலும் ஒரே ஒரு பைட் தரச் செய்யுங்கள். சென்ட்டுக்கும் அப்படியே ஓர் உறை. அது ஒரு பைட் அனுப்பிவிட்டு 1 என்று திரும்பட்டும், நடுநடுவே ஈ-இன்டர் என்றும் பொய் சொல்லட்டும். இணைந்த இரண்டு சாக்கெட்டுகளைத் தரும் சாக்கெட்-பேர் மூலம் இரு முனைகளையும் ஒரே சோதனைக்குள் இணைத்து, வெற்றுச் செய்தி, ஒரு பைட் செய்தி, ஒட்டிய இரண்டு செய்திகள், தமிழ்ச் செய்தி, தலைப்பின் மூன்றாம் பைட்டில் அறுபடும் இணைப்பு என்று ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். முதல் நான்கும் பைட் மாறாமல் வந்து சேர வேண்டும். கடைசியில் செய்தி எதுவும் வரக்கூடாது, பிழை வர வேண்டும்.